மேசைமேல் ஒரு பெருக்கல் குறி

தம்பியின் இடது கண் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டரை மணிச் சங்கு ஊதி அடங்குவதற்குள்.

டயர் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் தொடங்கி அன்றோடு ஒன்பது நாள். கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. டயர் வேகவைக்கும் கூடத்தின் பின்கதவைப் பூட்டாதீர்கள், அவ்வளவுதான். திருட்டுப் போகிறது என்று சொல்லி அதைப் பூட்டியே வைத்திருந்தார்கள். போன மாதம் கூடத்தில் தீப்பிடித்தபோது இரண்டு பேர் அந்தக் கதவுவரை ஓடியிருக்கிறார்கள். தீ அணைந்த பிறகு பூட்டைக் கழற்றப் போனவன் என் தம்பி. பூட்டோடு அவர்கள் கைத்தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை அப்படியே எடுத்துப் போய் மேலாளர் மேசைமேல் வைத்தான். மறுநாள் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. வாசலில் புதுக் காவல் ஆட்கள் நின்றார்கள். அதற்கு மறுநாள் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை.

நானும் ஒரு காலத்தில் அங்கே கரிமூட்டை சுமந்தவன். இடுப்பு போன பிறகு வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிறேன். அங்கே ஒன்பது மணிக்குப் போனால் போதும். அதுவரை தம்பி பக்கத்தில் போய் நிற்பேன். நான் நின்று கிழிக்கப்போவது ஒன்றும் இல்லை. அவன் முன்கோபி, பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்க ஓர் ஆள் வேண்டும்.

அன்று அவர்கள் தடி எடுக்கவில்லை. கம்பிக் கதவுக்கு உள்ளே இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு, பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள். ஒருவன் மட்டும் லாரிக் கூரைமேல் ஏறி, குழாய் போன்ற ஒன்றைத் தோளில் சாய்த்துக் குறி பார்த்தான்.

"பட்டப்பகல்ல டார்ச் அடிக்கிறான் பாருண்ணே. தொரைக்கு வெளிச்சம் பத்தலையாம்" என்று தம்பி சிரித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது. காற்றில் பச்சை நூல் ஒன்று தெரிந்தது. அதன் மறுமுனை அவன் முகத்தில் இருந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தான். அவனைப் போலவே ஐந்தாறு பேர் குனிந்தார்கள். குனிந்த தலைகளுக்காகத்தான் அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். கதவைத் திறந்துகொண்டு இரும்புக் குழாய்களோடு வந்தார்கள். யாருடைய தாடையோ உடைந்த சத்தம் காய்ந்த சுள்ளி முறிவது போலக் கேட்டது. நான் தம்பியின் மேல் விழுந்து படுத்தேன். முதுகில் நாலு அடி. எப்படியும் போன இடுப்புதானே, போகட்டும் என்று கிடந்தேன்.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். "கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒரு திரை இருக்கு. லேசர் வெளிச்சம் பட்டு நடுவுல பொசுங்கிப் போச்சு. துணியில சிகரெட் நெருப்பு பட்ட மாதிரி. துணின்னா ஒட்டுப் போடலாம். இதுக்கு ஒட்டு கிடையாது."

தம்பி கட்டிலில் உட்கார்ந்து என்னைச் சமாதானப்படுத்தினான். "விடுண்ணே. ஊசியில நூல் கோக்கிறவன்கூட ஒரு கண்ணைத்தான் தொறந்து வச்சுக்கிறான்."

அவன் மனைவி சிரிக்கவில்லை. என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். "மாமா, இவரு திரும்ப அங்கதான் போய் நிப்பாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. இருக்கிற ஒரு கண்ணுக்கு நீங்கதான் பொறுப்பு. போச்சுன்னா உங்ககிட்டதான் கேப்பேன்."

எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. அம்மா போகும்போது இவன் இடுப்புக் குழந்தை. தூக்கி வளர்த்தவன் நான். "சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

நான் குடுவை கழுவும் இடத்தில் தலைமை ஒரு பெண். டாக்டரம்மா என்போம். வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை, சாயத்துக்கு டாக்டர். இது தெரியாமல் பக்கத்துக் கட்டடக் காவலாளி ஒருமுறை இருமலுக்கு மருந்து கேட்டு வந்துவிட்டான். "இருமலுக்கு இல்ல. சட்டைக்கு வேணா கலர் ஏத்தித் தரேன்" என்று அனுப்பிவைத்தார்.

உண்மையில் சட்டைக்கான சாயமும் அங்கே கிடையாது. அவர் செய்வது வெளிச்சத்தைத் தடுக்கும் சாயம். நான் சேர்ந்த புதிதில் எனக்குப் புரியும்படி சொன்னார்: "சாதா வெளிச்சம் வந்தா இது வழி விட்டுடும். முரட்டு வெளிச்சம் வந்தா கதவைச் சாத்திக்கும். முரட்டுத்தனம் கூடக்கூட இன்னும் இறுக்கிச் சாத்தும். பச்சையோ சிவப்போ, நம்ம கண்ணுக்குத் தெரியிற எந்த நெறமா இருந்தாலும்."

சொல்வது லேசு. ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு கோணல் புத்தி. ஒன்பதாம் நம்பர் கரையவே கரையாது, மணல் மாதிரி அடியில் உட்கார்ந்துகொள்ளும். பதினேழாம் நம்பர் இரண்டு தடவை வெளிச்சம் அடித்தால் வெளுத்துப் போகும். பெரிய தொந்தரவு, சாயத்தின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. ஒட்டினால் வேலை செய்யாது. அதனால் ஒவ்வொரு துகளுக்கும் பக்கவாட்டில் முள் மாதிரி கை வைத்து, ஒன்றை ஒன்று நெருங்கவிடாமல் செய்வார். "கூட்டம் கூடினா இதுக்கு பலம் போயிடும். தனித்தனியா நிக்கணும்" என்றார். "எங்க சங்கத்துக்கு நேர் எதிரும்மா" என்றேன். அவர் சிரித்ததில் கையிலிருந்த சொட்டுக்குழாய் ஆடிப்போனது.

முப்பத்தெட்டாம் நம்பர்தான் தேறியது. நீலமும் பச்சையும் கலந்த நிறம், மயில் கழுத்து மாதிரி. அதைத் தெளிவான பிசினில் கலந்து சின்னக் கண்ணாடித் தகட்டில் ஊற்றி, அடுப்பில் இளஞ்சூட்டில் காயவைப்பார். காய்ந்த தகட்டைச் சோதனை மேசையில் நிற்கவைப்பார். மேசையின் ஒரு முனையில் லேசர். மறுமுனையில் வெள்ளைச் சுவர். நடுவில் ஸ்டாண்டில் ஒரு லென்ஸ். லென்ஸுக்கு இரண்டு சாண் தள்ளி, தகடு நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறி. ஆறு வருடமாக அந்தக் குறியைப் போடுவது நான்தான். தினமும் காலையில் மேசையைத் துடைப்பேன், குறி அழியும். மேசை ஓரத்தில் செதுக்கிய இரண்டு கீறல்களுக்கு நூல் பிடித்து, அதே இடத்தில் திரும்பப் போடுவேன். ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மூட்டையை எங்கே இறக்கு என்கிறார்களோ அங்கே இறக்கிப் பழகியவன்.

லென்ஸைப் பற்றியும் கேட்கவில்லை. டாக்டரம்மாவுக்குக் கிட்டப்பார்வை. சோடாப்புட்டிக் கண்ணாடி. அறையில் திரும்பிய பக்கமெல்லாம் ஒரு பூதக்கண்ணாடி கிடக்கும். ஸ்டாண்டில் இருந்ததும் அந்தக் கணக்கில் ஒன்று என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

தம்பி கட்டைப் பிரித்த மூன்றாம் நாள் மறுபடி வாசலுக்குப் போனான். அதற்குள் அங்கே நிற்கும் விதமே மாறிப்போயிருந்தது. எல்லோரும் தரையைப் பார்த்து நின்றார்கள். செருப்பைப் பார்த்தபடியே கோஷம் போட்டார்கள். ஆரஞ்சுத் தாளைக் கண்ணில் கட்டினால் பச்சை வெளிச்சம் ஏறாது என்று யாரோ சொல்ல, வெள்ளிக்கிழமை சிலர் கட்டிக்கொண்டு வந்தார்கள். லாரிமேல் நின்ற விளக்குக்காரன் சிவப்பைப் போட்டான். ஆரஞ்சுத் தாளுக்குச் சிவப்பு மாமன் மச்சான். இரண்டு பேர் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். குழாய் அடியில் ஒருவனுக்கு முழங்கை பின்பக்கமாக மடிந்துவிட்டது. அது தோலுக்குள் ஆடியதை நான் பார்த்தேன்.

"செருப்பைப் பாத்துக்கிட்டுச் சண்டை போட நான் என்ன செருப்பு தைக்கிறவனா?" என்றான் தம்பி. "ஒரு நாள் இல்ல ஒரு நாள் நிமிந்து பாக்கத்தான் போறேன். வர்றது வரட்டும்."

எனக்கு முப்பத்தெட்டாம் நம்பர் ஞாபகம் வந்தது.

நான் திருடவில்லை. குடுவையை முதலில் அலசும்போது வரும் திரவத்தைக் கழிவு கேனில் ஊற்றிவிடச் சொல்வார்கள். அதில் சாயம் கொஞ்சம் இருக்கும். ஊற்றாமல் ஒரு புட்டியில் சேர்த்தேன். ஒன்பது நாளில் புட்டி பாதி நிறைந்தது. லேபிளில் 'கழுவல்' என்று எழுதி ஒட்டினேன். நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவனுக்கு, தன் கையால் பொய் எழுதுவது அதுதான் முதல் தடவை. பொய்கூட இல்லை, கழுவல்தானே.

சங்கத்துத் தலைவர் மீசை. டயர் அச்சு ஓட்டுகிறவர். வாயை மறைக்கும் மீசை வைத்திருப்பதால் அந்தப் பெயர். அவர் தூசுக்குப் போடும் நிறமில்லாத கண்ணாடிகள் பன்னிரண்டு கொண்டுவந்து கொடுத்தார். மதியம் டாக்டரம்மா சாப்பிடப் போகும் நேரத்தில் பிசினைக் கலந்து, நாளுக்கு மூன்று நான்காக ஊற்றிக் காயவைத்தேன். அவர் ஊற்றுவதை ஆறு வருடம் பார்த்த கை. குமிழி இல்லாமல் வந்தது. பன்னிரண்டாவதற்குச் சாயம் போதவில்லை. அது என்னுடையது. பரவாயில்லை, நான் நிற்பது பின்வரிசையில்தானே.

பிறகு சோதித்தேன். அந்தப் பாவத்தை மட்டும் நான் செய்யவில்லை, சோதிக்காமல் கொடுக்கவில்லை. முதலில் சாயம் பூசாத வெறும் கண்ணாடியைக் குறியில் வைத்து லேசர் சுவிட்சைத் தட்டினேன். சுவரில் விழுந்த புள்ளி கண்ணைப் பிடுங்கியது. பிறகு சாயம் பூசியதை வைத்தேன். புள்ளி ஒரு நொடி எரிந்து, அவிந்த பீடி மாதிரி மங்கிப்போனது. பதினொன்றையும் ஒவ்வொன்றாக, அதே குறியில், ஒரு நூல் பிசகாமல் வைத்துப் பார்த்தேன். பதினொன்றும் தேறின.

மறுநாள் காலை வாசலுக்குப் போகுமுன் கொடுத்தேன். மீசை மாட்டிக்கொண்டு அப்படியும் இப்படியும் திரும்பினார். "இதப் போட்டா நேராவே பாக்கலாமா?"

"பாக்கலாம். மொத நொடி கூசும். கண்ணை மூடிடாதீங்க. அப்புறம் தானா அடங்கிடும்."

நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

"எனக்கு எதுக்குண்ணே ரெண்டு பக்கமும் பூசுன? ஒரு பக்கம் வேஸ்ட்டுதானே" என்றான் தம்பி. அவன் மனைவி பின்னால் நின்று வாரை இறுக்கிவிட்டாள். இறுக்கிவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்த வருடம் அவள் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

பதினொரு பேரும் முன்வரிசையில் தலையை நிமிர்த்தி நின்றார்கள். பல நாளாகத் தரையைப் பார்த்தவர்கள் நிமிர்ந்ததும் காவல் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விளக்குக்காரன் லாரிமேல் ஏறினான். என் முகத்தில் கண்ணாடி இல்லாததால் நான் செருப்பைப் பார்த்து நின்றேன்.

"வாடா மாப்பிள்ளை! இன்னிக்கு முழுசா அடி!" என்று தம்பி கத்தியது கேட்டது.

பச்சை வந்தது. பிறகு சிவப்பு. தரையில் சிதறிய நிறத்தை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. யாரும் குனியவில்லை. யாரும் கத்தவில்லை. கண்ணின் பின்திரைக்கு வலியே தெரியாது என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். அடங்கும், அடங்கும் என்று அவர்கள் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள். தம்பி எல்லோரையும்விட அதிக நேரம் பார்த்திருக்கிறான். அண்ணன் கொடுத்ததாயிற்றே.

"அண்ணே" என்றான். குரல் சின்னப் பிள்ளையுடையது மாதிரி இருந்தது. "இன்னும் அடங்கலையேண்ணே."

நிமிர்ந்து பார்த்தேன். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையை நீட்டி முன்னால் இருந்த காற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவு திறந்தது. குழாய் ஒன்று அவன் தோளில் இறங்கியது. எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. எதிர்ப்பக்கம் பார்த்துக் குத்தினான். நான் அந்தக் குழாய்க்காரனின் மணிக்கட்டைக் கடித்தேன். விடவில்லை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. பல்லுக்கு நடுவில் நரம்பு நழுவியது. பின்வரிசையில் இருந்தவர்கள் எங்களைத் தாண்டி உள்ளே பாய்ந்தார்கள். லாரிக் கண்ணாடி நொறுங்கியது. கூரையிலிருந்து விளக்குக்காரனைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவன் முகம் குப்புற விழுந்த இடத்தில் ரத்தமும் இரண்டு பல்லும் கிடந்தன.

பதினொரு பேரில் நான்கு பேருக்குப் பார்வை கெட்டது. மீசைக்கு ஒரு கண்ணில் எங்கே பார்த்தாலும் நடுவில் கறுப்புப் பொட்டு. தம்பிக்கு முழுதாகப் போயிற்று. அவன் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்பேன் என்று சொன்னவள் கேட்காமல் இருந்தது, கேட்பதைவிட மோசமாக இருந்தது.

எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்: விளக்குக்காரன் இந்தத் தடவை புது விளக்கு கொண்டுவந்திருக்கிறான், பழையதைவிடப் பெரியது. அண்ணன் செய்த கண்ணாடி நல்லதுதான், அதையும் மீறும் விளக்கு. விளக்குக்காரனைப் பழைய டயர் போட்டுவைக்கும் கொட்டகையில் கட்டிப்போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை தம்பியின் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். முப்பத்தெட்டில் என்ன கோளாறு என்று கேட்டேன். அவர் முகம் வெளிறிப்போனது. திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கண்ணாடியைக் குறியில் வைத்து லேசரைத் தட்டினார். புள்ளி மங்கியது.

"பாருங்கம்மா, வேலை செய்யுதே!" என்றேன்.

அவர் கண்ணாடியை எடுத்து, லென்ஸுக்கு முன்னால், லேசர் இருக்கும் பக்கம், வெறும் மேசையில் வைத்துத் திரும்பத் தட்டினார்.

சுவரில் புள்ளி கண்ணைப் பிடுங்கியது. மங்கவே இல்லை.

"அந்த லென்ஸ் எதுக்குன்னு நெனச்சீங்க?"

"உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாதேன்னு..."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த லென்ஸ் வெளிச்சத்தை ஊசிமுனையா குவிக்குது. அந்த முனை விழுற எடத்துலதான் உங்க குறி இருக்கு. அவ்வளவு நெருக்கமா வந்தாத்தான் இந்தச் சாயத்துக்கு உறைக்கும். பரவலா வந்தா இது சும்மா வழி விட்டுடும். மூக்குக் கண்ணாடியில பரவலாத்தான் விழுது. அதக் குவிக்கிறது நம்ம கண்ணு. கண்ணுக்குள்ளயே ஒரு லென்ஸ் இருக்கு. ஊசிமுனை போய் விழுற எடம் பின்திரை."

"அப்ப இந்தச் சாயத்த யாருக்குத்தான் செய்யிறீங்க?"

"தொலைநோக்கிக்குள்ள வைக்கிறதுக்கு. அதுக்குள்ள லென்ஸ் இருக்கும், குவியிற எடம் இருக்கும்." சோடாப்புட்டிக் கண்ணாடியைக் கழற்றினார். "துப்பாக்கி மேல மாட்டுற தொலைநோக்கி. தெருவுல நிக்கிறவங்களுக்குச் செய்யச் சொல்லி யாரும் எங்ககிட்ட வந்ததில்ல."

நான் ஸ்டாண்டோடு லென்ஸைத் தூக்கித் தரையில் அடித்தேன். முப்பத்தெட்டாம் நம்பர் குடுவைகள் இருந்த தட்டை இழுத்துத் தள்ளினேன். மயில் கழுத்து நிறம் என் காலைச் சுற்றி ஓடியது. கையில் சில்லு ஏறி ரத்தம் வந்தது. டாக்டரம்மா தடுக்கவில்லை. எல்லாம் உடைந்த பிறகு, பழக்கதோஷம், துடைப்பத்தை எடுத்துக் கூட்டினேன். மேசையைத் துடைத்தேன். பெருக்கல் குறி அழிந்தது. திரும்பப் போடவில்லை.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி சட்டையை மாட்டி, பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான். "கொட்டகைக்குக் கூட்டிப் போண்ணே. நான் வர்ற வரைக்கும் அவனைத் தொடக் கூடாதுன்னு மீசைகிட்ட சொல்லியிருக்கேன்."

தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். வழியில் நான்கு தடவை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் "பள்ளம், பாத்து" என்றுதான் வந்தது. அவனிடம் 'பாத்து' என்று சொல்லிவிட்டேன் என்பது ஒவ்வொரு தடவையும் பிறகுதான் உறைத்தது.

கொட்டகையில் வெந்த ரப்பர் நாற்றம். விளக்குக்காரனை இரும்பு நாற்காலியில் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. பேசினால் காற்று வந்தது. "அதே வெளக்குதான் சார். சத்தியமா அதே வெளக்குதான். எனக்கு வேற வெளக்கே குடுக்கல" என்றான். மீசை அவன் வயிற்றில் உதைத்தார். அவன் மடியில் வாந்தி எடுத்தான்.

"நேத்துலேருந்து இதையே சொல்றான்" என்றார் மீசை. இரண்டு பேர் அவன் தலையைப் பின்னால் இழுத்து இமைகளை விரலால் பிளந்து பிடித்தார்கள். மீசை விளக்கை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தார். கனமான விளக்கு. தம்பி அதைத் தடவிப் பார்த்தான். சுவிட்சைக் கண்டுபிடித்தான்.

"அண்ணே, என் கையைப் பிடி. அவன் கண்ணு எங்க இருக்குன்னு நீதான் காட்டணும்."

பிடித்தேன். அவன் மணிக்கட்டில் நாடி குதித்தது. விளக்கின் வாயை அந்த முகத்துக்கு நேராகக் கொண்டுபோனேன். ஒரு விரற்கடை திருப்பினால் போதும். அந்தக் கண் என்னைப் பார்த்தது. பழுப்புக் கண், ஓரத்தில் ஒரு சிவப்பு நரம்பு. தம்பியின் முதல் கண்ணை எடுத்தவன் அவன்தான், சந்தேகம் இல்லை. தம்பியின் விரல் சுவிட்சில் அழுந்துவதை என் விரலில் உணர்ந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். பழி அவனோடு போகும். தம்பி எனக்குத் தம்பியாகவே இருப்பான்.

மணிக்கட்டைக் கீழே இறக்கினேன்.

"வெளக்கு அதேதான்டா" என்றேன்.

"என்னது?"

"அவன் பொய் சொல்லல. கண்ணாடிதான் தப்பு. நான் செஞ்சது தப்பு." டாக்டரம்மா சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். லென்ஸ், குறி, ஊசிமுனை, எல்லாம். "குறியிலதான் வச்சுப் பாத்தேன். பதினொன்னையும் வச்சுப் பாத்தேன்டா. குறிக்கு வெளிய வச்சுப் பாக்கணும்னு எனக்குத் தோணல."

தம்பி முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினான். "நீ போட்டுக்கிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"பன்னண்டாவதுக்குச் சாயம் பத்தல."

"அப்ப நீ எங்க பாத்துக்கிட்டு நின்ன?"

"தரைய."

அவன் தலையை மெல்ல ஆட்டினான். "நீ குடுக்கலன்னா நானும் கடைசில தரையத்தான் பாத்திருப்பேன். வீம்புக்குப் பேசுவேன், ஆனா பாத்திருப்பேன்." குரல் உயரவில்லை. "அவன் பிடுங்க வந்தவன், பிடுங்கினான். நீ ஏண்ணே கழட்டிக் குடுத்த?"

மீசை குறுக்கே வந்தார். "வெளக்கு அதேன்னா என்ன? அதே வெளக்குதானே மொதக் கண்ண எடுத்துச்சு?" விளக்கைப் பிடுங்கி, நாற்காலிக் கையில் கட்டியிருந்த விளக்குக்காரனின் விரல்கள்மேல் ஓங்கி இறக்கினார். ஒரு தடவை, இரண்டு தடவை, விளக்கின் கண்ணாடி சிதறும்வரை. விரல்கள் எங்கெங்கோ பார்த்துத் திரும்பிக்கொண்டன. அவன் கத்திய கத்தலில் தகரக் கூரை அதிர்ந்தது. பிறகு சங்கிலியை அவிழ்த்து வெளியே தள்ளினார்கள். அவன் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். அவனை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி முஷ்டியை மடக்கினான். நான் நகரவில்லை. முதல் குத்து என் காதோரம் காற்றில் போனது. இரண்டாவது எனக்குப் பின்னால் இருந்த இரும்புத் தூணில் விழுந்தது; விரல் முட்டிகளில் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. வலியில் பல்லைக் கடித்தான். திரும்ப ஓங்கினான். எங்கே விழும் என்று எனக்குத் தெரிந்தது. வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி. அதே தூண்.

முகத்தைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன்.

"பட்டுச்சா?" என்றான் தம்பி.

"பட்டுச்சு." பல் ஒன்று நாக்கின்மேல் கிடந்தது.

"இன்னும் இருக்கு. நில்லு."

"நிக்கிறேன்டா" என்றேன்.